பாதத்து எலும்பு முறிந்தபின், அடுத்த பரிசோதனை வரையிலான மூன்று வாரங்கள்

வீட்டுப் படியில் இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டு வலது பாதம் உட்பக்கமாக மடங்கியது, எக்ஸ்ரேயில் சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள நீள எலும்பின் அடிப்பகுதியில் முறிவு தெரிந்தது, பாதி மாவுக்கட்டுப் போட்டு மூன்று வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், இன்று ஒன்பதாவது நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். காலை ஊன்றலாமா, கீழே தொங்கவிட்டால் விரல்கள் கருநீலமாவது இயல்புதானா, உறவினர்கள் வற்புறுத்துவதுபோல் கட்டைப் பிரித்துவிட்டு எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொள்ளலாமா, தையல் வேலைக்கு எப்போது போகலாம் என்பவை உங்கள் கேள்விகள். எலும்பு முறிவுப் பிரிவுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்துவரும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னதற்கும் நான் எழுதுவதற்கும் வேறுபாடு இருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

மூன்று வாரம் என்று சொல்லி அனுப்பியதை அலட்சியம் என்று பலர் நினைத்து மனம் வருந்துகிறார்கள். அந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. எலும்பு முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. சில நாட்களில் அந்த இரத்தக்கட்டுக்குள் புதிய இரத்தக் குழாய்களும் செல்களும் நுழைகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற ஒரு மென்மையான பாலம் இரு முனைகளையும் பிடித்துக்கொள்கிறது. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படுவது அதன்பின் வரும் வாரங்களில்தான். முதல் வாரங்களில் பாதம் வீங்கும் என்பதால்தான் முழுதாகச் சுற்றிய மாவுக்கட்டுக்குப் பதிலாக, மருத்துவமனையில் ஸ்லாப் என்று சொல்லும் பாதிக் கட்டைப் போடுகிறார்கள். வீக்கம் வடிந்தபின் எலும்பு முனைகள் இடம் நகராமல் இருக்கின்றனவா என்று பார்த்து, கட்டை மாற்றுவதா, பூட்ஸ் போன்ற காலணிக்கு மாற்றுவதா, அறுவை வேண்டுமா என்று முடிவெடுப்பதே அடுத்த பரிசோதனையின் வேலை. ஆகவே இந்த மூன்று வாரங்களில் சிகிச்சை நின்றுபோகவில்லை. அது உங்கள் வீட்டில், உங்கள் பொறுப்பில் நடந்துகொண்டிருக்கிறது.

இனி, ஊன்றலாமா என்ற கேள்வி. பாதத்தில் 26 எலும்புகள் உண்டு. அவற்றில் உங்களுக்கு முறிந்திருப்பது ஐந்தாவது நீள எலும்பு. பாதத்தின் வெளி விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனால் நடுவில் ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் அந்த எலும்பின் அடி. கணுக்காலிலிருந்து வரும் ஒரு தசைநாணும் உள்ளங்காலின் தடித்த நார்ப்பட்டையின் ஓர் இழையும் அங்கே பிடித்திருக்கின்றன. பாதம் உட்பக்கமாக மடங்கும்போது இவை சுண்டி இழுக்க, மேட்டின் நுனி பெயர்ந்து வரும். இதுதான் அதிகம் காணப்படும் வகை. அங்கே இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே கூடிவிடும். தடித்த, வளையாத அடிப்பாகம் உள்ள காலணியுடன் வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றி நடக்கவும் பலருக்கு விரைவிலேயே அனுமதி கிடைத்துவிடும்.

ஆனால் அந்த மேட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்கூடத் தள்ளாத இடத்தில் குறுக்காக முறிந்தால் கதை வேறு. இந்த முறிவை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் லிவர்பூலில் பணியாற்றிய எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ். நடனமாடிக்கொண்டிருந்தபோது குதிகால் தரையில் படாத நிலையில் பாதத்தின் வெளி விளிம்பில் மிதித்துவிட்டார். பாதத்துக்குள் ஏதோ பிடிவிட்டதுபோல் உணர்ந்து, தசைநாண் அறுந்துவிட்டது என்றே அவர் முதலில் எண்ணினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு (1895) அதிக காலம் ஆகாத நாட்கள் அவை. படம் எடுத்துப் பார்த்தபின்தான் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. தன் பாதத்தோடு வேறு சிலரின் பாதங்களையும் சேர்த்து 1902-இல் அவர் கட்டுரை எழுதினார். இன்றும் அந்த முறிவுக்கு அவர் பெயர்தான். எலும்பு மருத்துவரே தன் காலில் எலும்பு முறிந்ததைத் தசைநாண் அறுந்ததாக எண்ணிவிட்டார் என்பதை, ‘சுளுக்குத்தானே, நீவினால் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். அந்த இடத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் இரத்தக் குழாய்கள் மெலிந்து முடிவதால் ஊட்டம் குறைவு. அதனால் எலும்பு கூடுவதற்குத் தாமதமாகலாம், கூடாமலே போகவும் கூடும். ஆறு முதல் எட்டு வாரம் வரை துளியும் ஊன்றாமல் இருக்கச் சொல்வதும், விளையாட்டு வீரர்களுக்கு உடனே திருகாணி வைத்து அறுவை செய்வதும் இதனால்தான்.

‘அடிப்பகுதியில் முறிவு’ என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு சொற்றொடர் இந்த இரண்டுக்கும் பொருந்தும். ஆகவே நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூன்று வாரம் முடியும்வரை காத்திராமல், மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசியோ, வீட்டிலிருந்து ஒருவரை எக்ஸ்ரேயுடனும் சீட்டுடனும் அனுப்பியோ, ‘முறிவு எந்த இடத்தில், ஊன்றலாமா, எவ்வளவு ஊன்றலாம்’ என்ற கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதில் வரும்வரை ஊன்றவே வேண்டாம். ‘வலிக்கவில்லை, அதனால் ஊன்றினேன்’ என்பது இந்த இடத்தில் சரியான அளவுகோல் ஆகாது.

அடுத்தது வீக்கமும் நிறமும். முறிந்த காலைத் தொங்கவிட்டதும் சில நிமிடங்களில் விரல்கள் சிவந்து, கருநீலமாகி, விண்விண் என்று தெறிப்பது இந்த வாரங்களில் பெரும்பாலோருக்கும் நேர்வதுதான். காலை உயர்த்திச் சற்று நேரத்தில் நிறம் பழையபடி திரும்பிவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஆனால் உயர்த்துவது என்றால் என்ன என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதிரே ஒரு முக்காலியில் காலை வைப்பது உயர்த்துவது ஆகாது. பாதம் இருதயத்தைவிட மேலே இருக்க வேண்டும். படுத்துக்கொண்டு, முழங்காலிலிருந்து குதிகால் வரை தாங்கும்படி இரண்டு மூன்று தலையணைகளை வைத்து, குதிகால் மட்டும் விளிம்பைத் தாண்டிக் காற்றில் நிற்கும்படி செய்யுங்கள். மாவுக்கட்டின் விளிம்பு குதிகாலை அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே புண் வரும், கட்டைப் பிரிக்கும் நாள்வரை அது கண்ணில் படாது. என்னிடம் வந்த ஓர் அம்மா, ‘நாள் முழுக்கக் காலை மேலேதான் வைத்திருந்தேன்’ என்று உறுதியாகச் சொன்னார். விசாரித்தபோது காலையில் காய் நறுக்க ஒரு மணி நேரம், மாலையில் திண்ணையில் இரண்டு மணி நேரம், இடையில் தொலைக்காட்சிக்கு முன் என்று கால் தொங்கிக்கொண்டிருந்த நேரம்தான் மிகுதியாக இருந்தது. மணிக்கு ஐம்பது நிமிடம் மேலே, பத்து நிமிடம் கீழே என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்; ஐந்தாவது நாளில் விரல்களுக்கிடையே இருந்த சுருக்கம் திரும்பத் தெரிந்தது. விரல் மூட்டுகளின் மேல் தோல் மறுபடி சுருங்குவதுதான் வீக்கம் வடிவதற்கு வீட்டிலேயே காணக்கூடிய அடையாளம்.

காத்திருக்கக் கூடாதவை எவை என்பதை உங்கள் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாளுக்கு மூன்று முறை பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டாலோ, காலை உயர்த்தியும் விரல்கள் வெளிறியோ நீலமாகவோ சில்லிட்டோ இருந்தாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி மணிக்கு மணி ஏறினாலோ, வேறொருவர் உங்கள் விரல்களை மெல்ல மேல்நோக்கி மடக்கும்போது தாங்க முடியாத வலி எடுத்தாலோ அரை மணி நேரத்துக்கு மேல் பொறுத்துப் பார்க்க வேண்டாம். கட்டு இறுகியிருக்கலாம், பாதத்துக்குள்ளேயே அழுத்தம் கூடித் தசைக்கு இரத்தம் போகாமல் இருக்கலாம். இரவு எத்தனை மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இங்கே சில மணி நேரத் தாமதம் தசையைச் சாகடித்துவிடும். கட்டுக்குள்ளிருந்து நாற்றம், கசிவு, காய்ச்சல், ஒரே இடத்தில் எரிச்சல் ஆகியவையும் அன்றைக்கே காட்ட வேண்டியவை. கெண்டைக்கால் புதிதாக வீங்கி, கல் மாதிரி கனத்து வலித்தால் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம்; அதோடு திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஆட்டோவைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், முன்பு இரத்த உறைவு வந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை என்றால் இப்போது சொல்லுங்கள்.

உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மேலே சொன்ன எச்சரிக்கைகள் போதாது. நீண்ட காலச் சர்க்கரையால் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கும்போது முறிந்த எலும்பின் மேலேயே வலி தெரியாமல் நடந்துவிடுவார்கள். ஒரு பெரியவர் பாதம் சிவந்து, வீங்கி, தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக இருந்தும் ‘வலியே இல்லை தம்பி’ என்று சொல்லிக்கொண்டு வாரக்கணக்கில் சந்தைக்கு நடந்து போய்வந்தார். எக்ஸ்ரேயில் பாதத்தின் வளைவே இடிந்து கிடந்தது. இத்தகையவர்களுக்கு வலியின்மை நல்ல செய்தி அல்ல. அவர்கள் மூன்று வாரம் காத்திராமல் வாரத்துக்கு ஒரு முறையாவது கட்டையும் தோலையும் காட்டிக்கொள்வது நல்லது.

எண்ணெய்க் கட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பரம்பரையாகக் கட்டுப் போடுபவர்கள் பலர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், இடம் நகராத முறிவு அவர்களிடம் போனாலும் கூடிவிடுகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அது கூடியது எலும்பின் இயல்பால். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிச் சுற்றிய துணிக்கு, உள்ளே வீக்கம் ஏறும்போது விட்டுக்கொடுக்கும் தன்மை கிடையாது. வீங்கிய பாதம் அதற்குள் நெரிபட்டு, விரல்கள் கறுத்து, அழுகி, எடுக்க வேண்டியதாகிப் போனவர்களை எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்யும் எவரும் பார்த்திருப்பார்கள். நீவுவதும் அப்படியே: இரண்டாவது வாரத்தில் அந்த மென்பாலம் உருவாகிக்கொண்டிருக்கும்போது நீவினால் அது அறுந்து, நகராமல் இருந்த முறிவும் நகர்ந்துவிடும். ஆகவே கட்டைப் பிரிக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உறவினர்கள் மனம் நோகக் கூடாது என்றால், ‘கட்டுப் பிரித்தபின் தோல் வறண்டிருக்கும், அப்போது எண்ணெய் தடவிக்கொள்கிறேன்’ என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, அப்போது தேங்காய் எண்ணெய் தடவுவதில் தவறே இல்லை.

வீட்டுக்குள் நடமாடுவதுதான் உண்மையில் கடினமான பகுதி. இரண்டாவது முறை விழுவது பெரும்பாலும் குளியலறையில்தான். கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோலை வாங்கியிருந்தால், அதன் மேல்முனைக்கும் கக்கத்துக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். உடலின் எடையைக் கைகள்தான் தாங்க வேண்டும். கக்கத்தில் தொங்கினால் நரம்பு அழுந்தி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். முழங்கை சற்றே வளைந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் பெரும்பாலோருக்கு ஊன்றுகோலைவிட வாக்கர்தான் பாதுகாப்பு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் முறிந்த காலும் முதலில். துணிச்சல் வராவிட்டால் படியில் உட்கார்ந்து, பின்னால் நகர்ந்து ஏறி இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தரைமட்டக் கழிவறையாக இருந்தால் அதன் மேல் வைக்கும் நடுவில் துளையிட்ட நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஒற்றைக் காலில் குந்தி எழும் முயற்சி வேண்டாம். குளிக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டிய காலை எதிரே ஸ்டூலில் நீட்டி, பிளாஸ்டிக் பையை முழங்காலுக்குக் கீழே கட்டி, மேலே துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். மாவுக்கட்டு நனைந்தால் குழைந்து பலமிழக்கும். நனைந்துவிட்டால் மறைக்காமல் போய் மாற்றிக்கொள்ளுங்கள். அரிப்பெடுத்தால் ஸ்கேலையோ சீப்புக் காம்பையோ உள்ளே விடாதீர்கள், அதனால் வரும் கீறல் சீழ்பிடிக்கும். இரவில் எழுந்து போகும் வழியில் மிதியடி, மின்கம்பி, ஈரத்துணி எதுவும் இல்லாமல் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கட்டுக்கு வெளியே இருக்கும் எதையும் சும்மா வைக்காதீர்கள். விரல்களை மணிக்கு இருபது முறை மடக்கி நீட்டுங்கள். படுத்தபடியே முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். காலை நேராக ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குங்கள். காலை, மதியம், மாலை பத்துப் பத்து முறை போதும். இவற்றைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் கட்டுப் பிரித்த நாளில் தொடையில் தெரியும் வேறுபாட்டை நான் அளவு நாடாவால் அளந்தே காட்டியிருக்கிறேன்.

வலிக்குப் பாராசிட்டமால் முதலில். பெரியவர்களுக்கு ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மருந்துக் கடையில் தானாக வாங்கி நாட்கணக்கில் விழுங்க வேண்டாம். இரத்த அழுத்தம், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆபத்து. உணவைப் பொறுத்தவரை, ஆட்டுக்கால் சூப்பை உங்கள் மாமியார் அன்போடு வைத்துத் தந்தால் குடியுங்கள். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் தேவைப்படும் அந்தச் சத்துக்குக் கேழ்வரகும் பாலும் தயிரும் எள்ளும்தான் நம்பிக்கையானவை. 100 கிராம் கேழ்வரகில் மட்டும் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முட்டை, மீன், பருப்பு ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். வைட்டமின் டி 60,000 யூனிட் மருந்து எழுதித் தந்திருந்தால் அது வாரத்துக்கு ஒன்றுதானா என்று சீட்டை மறுபடி பாருங்கள். தினமும் சாப்பிட்டுவிட்டு வாந்தியும் சிறுநீரகப் பாதிப்புமாக வருபவர்கள் உண்டு. வீட்டில் புகைப்பவர் காலை முறித்துக்கொண்டிருந்தால், எலும்பு கூடுவதைத் தாமதிக்கச் சிகரெட்டைப் போல வேறெதுவும் இல்லை என்று சொல்லி நிறுத்த வையுங்கள்.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள் என்றால் இந்த விடுப்பைச் சம்பளமில்லாமல் கழிக்க வேண்டியதில்லை. தகுதிக்குரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால் நோய்க்கால உதவித்தொகையாகச் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். அதற்கு ஈஎஸ்ஐ மருத்துவரின் சான்று வேண்டும். வெளி மருத்துவமனையில் கட்டுப் போட்டிருந்தால் அந்தக் காகிதங்களோடு இப்போதே ஈஎஸ்ஐ மருந்தகத்தைத் தொடர்புகொள்ளுங்கள்.

பரிசோதனை நாளில் பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். புதிய படத்தைத் தனியாகப் பார்ப்பதைவிடப் பழையதோடு வைத்துப் பார்த்தால்தான் நகர்ந்ததா என்று தெரியும். முறிந்த கோடு இன்னும் தெரிகிறது என்று சொன்னால் கலங்காதீர்கள். எலும்பு கூடுவது படத்தில் பிந்தித்தான் தெரியும்; பாதத்தில் அந்தக் கோடு மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு. விரலால் அழுத்தினால் முறிவிடத்தில் வலிக்கிறதா, ஊன்றும்போது வலிக்கிறதா என்பவற்றையும் மருத்துவர் சேர்த்தே பார்ப்பார். எவ்வளவு எடை ஊன்றலாம், எந்தக் காலணி, பிசியோதெரபி எப்போது, அடுத்த எக்ஸ்ரே எப்போது என்ற நான்கையும் கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

‘பாதி எடை ஊன்றலாம்’ என்று சொன்னால் அது எவ்வளவு என்று கால் தானாக அறியாது. எடை பார்க்கும் கருவியின் மேல் முறிந்த காலையும், அதே உயரத்துக்குப் பலகை வைத்து அதன்மேல் நல்ல காலையும் வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அழுத்துங்கள். நீங்கள் 60 கிலோ என்றால் முள் 30-ஐத் தொடும்போது பாதத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பத்து முறை செய்தால் அந்த அழுத்தம் நினைவில் நின்றுவிடும். மாலை வேளை வீக்கம் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட இருக்கும். வலது பாதம் என்பதால், பிரேக்கை முழு பலத்தோடு திடீரென மிதிக்க முடியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

தையல் இயந்திரத்தின் மிதிபலகையும் உங்கள் வலது காலில்தான் இருக்கும். எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன மறுநாளே எட்டு மணி நேரம் அதை மிதிக்க இயலாது, ஏனென்றால் அத்தனை வாரம் அசையாமல் இருந்த கணுக்கால்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சுருட்டிய துண்டின் மேல் முன்பாதத்தை வைத்து மிதித்து விடுவதை ஐந்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரம்வரை கூட்டிக்கொண்டு வாருங்கள். வலியில்லாமல் அந்த அரை மணி நேரத்தை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்ய முடிந்தபின், முதல் வாரம் அரை நாள் வேலையும், மிதிபலகையை இடது காலுக்கு நகர்த்தித் தரும் ஏற்பாடும் கேட்டுப் பாருங்கள்.